கோதுமை மணியின் கடைசி நாற்பது நாள்கள்

காலையில் ரொட்டி சானாய், மதியத்தில் ஒரு தட்டு மீ, மாலையில் பிள்ளைகளுக்குக் கேக் அல்லது பிஸ்கட். மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்களில் கோதுமை மாவு இல்லாமல் ஒரு நாள் கழிவது அரிது. ஆனால், கோதுமை வயலை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலரே. இங்குள்ள வெப்பமும் ஓயாத ஈரமும் அந்தப் பயிருக்கு ஒத்துவருவதில்லை. எனவே, தேவையான கோதுமை கப்பல் ஏறித்தான் வருகிறது. அதில் பெரும் பங்கை ஆஸ்திரேலியா அனுப்புகிறது.

கடையில் வாங்கும் மாவுப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், புரதச்சத்து எவ்வளவு என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். கேக் மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 முதல் 9 கிராம், எல்லாவற்றுக்கும் பயன்படும் பொது மாவில் 9 முதல் 11 கிராம், ரொட்டி மாவில் 12 முதல் 14 கிராம் என்று அது வேறுபடும். ஆலைக்காரர்கள் பல வகைக் கோதுமையைக் கலந்து இந்த அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆனால், கலப்பதற்கு எந்தக் கோதுமை கிடைக்கும் என்பதை வயலும் வானிலையும் அந்த விவசாயியும்தான் முடிவு செய்கிறார்கள்.

புரதம் அதிகம் என்றால் நல்ல கோதுமை, குறைவு என்றால் மட்டமான கோதுமை என்று எண்ணுவது இயல்பு. விவசாயம் அவ்வளவு எளிதான கணக்கல்ல. சில ஆண்டுகளில் அந்த எண் உயர்ந்து நிற்பது, பயிர் தாகத்திலும் வெயிலிலும் வாடியதன் அடையாளம். வேறு சில ஆண்டுகளில் அது தாழ்ந்து நிற்பது, மழை தாராளமாகப் பெய்து களஞ்சியம் நிறைந்ததன் அடையாளம். இது எப்படி?

மாவு கிழியாமல் விரிவது எதனால்?

ரொட்டி சானாய் போடுபவர் மாவு உருண்டையை வீசி வீசி, கைவிரல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரிக்கிறார். அது கிழிவதில்லை. அரிசி மாவிலோ சோள மாவிலோ இந்த வித்தையைச் செய்ய முடியாது. கோதுமையில் உள்ள இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையப்படும்போது ஒன்றோடொன்று பின்னி, வலை போன்ற ஒரு பொருளாகின்றன. அதற்குக் குளூட்டன் என்று பெயர். கிளையடின் என்ற புரதம் மாவுக்கு நீளும் தன்மையைத் தருகிறது. குளூட்டனின் என்பது இழுத்தால் மீளும் தன்மையைத் தருகிறது.

இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த ஜாக்கொப்போ பெக்காரி என்ற அறிஞர், கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவிக் குளூட்டனைத் தனியே பிரித்துக் காட்டினார். அவருடைய அறிக்கை 1745ஆம் ஆண்டில் வெளியானது. இன்று வீட்டுச் சமையலறையிலும் இதைச் செய்து பார்க்கலாம். பிசைந்த மாவு உருண்டையைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கசக்கினால், வெள்ளையாக ஓடுவது மாவுச்சத்து. கையில் ரப்பர் போல மிஞ்சுவது குளூட்டன்.

வெள்ளை மாவில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்தக் குளூட்டன்தான். ரொட்டி உப்புவதற்கும் மீ அறுந்துபோகாமல் இருப்பதற்கும் அது போதுமான அளவு வேண்டும். கேக் மென்மையாக இருக்க, அதே குளூட்டன் குறைவாக இருக்க வேண்டும். ஆக, அதிகமோ குறைவோ, ஆலைக்காரர் கேட்பது தமக்கு ஏற்ற அளவு.

ஒரே மணிக்குள் இரண்டு சரக்கு

கோதுமைப் பயிர் பூத்து முடிந்த பின், மணி முற்றிக் காய்வதற்கு ஏறத்தாழ 35 முதல் 45 நாள்கள் ஆகும். முதல் இரண்டு வாரங்களில் மணிக்குள் நுண்ணிய அறைகள் உண்டாகின்றன. எத்தனை அறைகள் உண்டாகின்றனவோ, அந்த அளவுக்குத்தான் பிறகு சரக்கு ஏற்ற முடியும். அடுத்து, நெல்லில் பால் பிடிப்பது போலக் கோதுமையிலும் பால் பிடிக்கிறது. அந்தப் பால் இறுகி மாவாகிறது. கடைசியில் மணி ஈரம் வற்றிக் கெட்டியாகிறது.

இந்த நாள்களில் இரண்டு முக்கியச் சரக்குகள் மணிக்குள் போகின்றன. ஒன்று மாவுச்சத்து. மற்றது புரதம். இரண்டும் இரண்டு வெவ்வேறு வழிகளில் வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

மாவுச்சத்தில் பெரும்பகுதி அன்றாடம் சமைத்துப் போடப்படுவது. கதிருக்கு நேர் கீழே கடைசியாக விரியும் இலையும், பச்சையாக இருக்கும் கதிரும் சூரிய ஒளியில் சர்க்கரையைத் தயாரித்து மணிக்கு அனுப்புகின்றன. நெல் விவசாயிகள் இந்தக் கடைசி இலையைக் கண்ணாடி இலை என்பார்கள். நல்ல பருவத்தில் தண்டில் சேமித்து வைத்த சர்க்கரை சிறு பங்கையே தருகிறது. ஆகவே, பூத்த பிறகு இலை எத்தனை நாள் பச்சையாக நிற்கிறதோ, அத்தனை நாள் மணி கனக்கிறது.

புரதமோ பெரும்பாலும் பழைய சேமிப்பு. புரதத்தின் மூலப்பொருள் தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன். மணியில் சேரும் நைட்ரஜனில் பாதிக்கும் மேற்பட்டது, பயிர் பூப்பதற்கு முன்பே வேர் வழியாக உறிஞ்சப்பட்டு இலையிலும் தண்டிலும் இருந்தது. மணி முற்றும் காலத்தில் பயிர் தன் இலைகளையே பிரித்து, அவற்றிலுள்ள நைட்ரஜனை மணிக்கு அனுப்பிவிடுகிறது. அறுவடைக்கு முன் கோதுமை வயல் பொன்னிறமாக மாறுவது இதனால்தான்.

விழுக்காட்டுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. நன்றாக விளைந்த ஒரு மணியின் எடை 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் புரதம் 4.4 மில்லிகிராம். அதாவது 11 விழுக்காடு. அதே வயலில், பால் பிடிக்கும் நேரத்தில் அனல் காற்று வீசி இலைகள் முன்கூட்டியே காய்ந்துவிட்டால் என்ன ஆகும்? மாவுச்சத்து வருவது பாதியில் நின்றுபோகும். புரதம் சேமிப்பிலிருந்து வருவதால் அந்த அளவுக்குக் குறையாது. மணியின் எடை 30 மில்லிகிராம், புரதம் 4.05 மில்லிகிராம் என்று முடிந்தால், விழுக்காடு 13.5.

எண் உயர்ந்துவிட்டது. ஆனால், மணியில் புரதம் உண்மையில் குறைந்திருக்கிறது. விவசாயிக்கு விளைச்சலில் நான்கில் ஒரு பங்கு நஷ்டம். அதோடு, கடும் வெயிலில் சில நாள்கள் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் குளூட்டனின் கட்டமைப்பும் பாதிக்கப்பட்டு, மாவின் வலு குறையக்கூடும். புரதம் 13.5 விழுக்காடு என்று சீட்டில் இருந்தும் ரொட்டி சரியாக உப்பாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதைக்கும் நாள்

தென்கிழக்காசியாவுக்கு வரும் ஆஸ்திரேலியக் கோதுமையில் கணிசமான பகுதி மேற்கு ஆஸ்திரேலியாவில் விளைவது. அங்கே பெரும்பாலும் பாசன வசதி கிடையாது. குளிர்காலத்தில் பெய்யும் மழையை நம்பி, ஏப்ரல் முதல் ஜூன் வரை விதைக்கிறார்கள். அக்டோபர் தொடங்கி ஆண்டு இறுதிக்குள் பெரும்பாலான அறுவடை முடிகிறது. மணி முற்றும் வசந்த காலத்தில் மழை குறைந்து வெயில் ஏறும்.

முந்தி விதைத்தால் பயிர் சீக்கிரம் பூத்துவிடும். அப்போது இரவில் உறைபனி விழுந்தால் பூ கருகி, கதிர் பதராகிவிடும். பிந்தி விதைத்தால் உறைபனியிலிருந்து தப்பலாம். ஆனால், மணி முற்றும்போது வெயிலில் மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டு ஆபத்துக்கும் இடையே உள்ள சில நாள்களில் பயிர் பூக்க வேண்டும். அதற்கேற்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ற வாரத்தில் விதைப்பதுதான் விவசாயி செய்யும் முதல் பெரிய முடிவு.

உரம் எவ்வளவு, எப்போது?

ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேரடியாக எடை போடுவதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை 5.7 ஆல் பெருக்குகிறார்கள். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் விவசாயிக்கு வேண்டிய விடை கிடைக்கிறது. 11.5 விழுக்காடு புரதமுள்ள 1 டன் கோதுமையில் 115 கிலோ புரதம் இருக்கிறது. அதை 5.7 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜன். மண்ணில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ பாதிதான் மணிக்குப் போய்ச் சேர்கிறது என்பதால், ஒவ்வொரு டன்னுக்கும் 40 கிலோ நைட்ரஜன் தேவை என்பது அங்குள்ள வேளாண் ஆலோசகர்களின் பொதுவான கணக்கு.

ஒரு ஹெக்டரில் 3 டன் எதிர்பார்க்கும் விவசாயிக்கு 120 கிலோ நைட்ரஜன் வேண்டும். மண்ணிலேயே 60 கிலோ இருந்தால், மீதி 60 கிலோவை உரமாகப் போட வேண்டும். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், அது ஏறத்தாழ 130 கிலோ யூரியா.

காகிதத்தில் இது எளிது. வயலில் சிக்கல் என்னவென்றால், 3 டன் விளையுமா என்பது உரம் போடும் நாளில் யாருக்கும் தெரியாது. மழை நன்றாகப் பெய்து 4 டன் விளைந்துவிட்டால், மணிக்குக் கிடைத்த அதே 60 கிலோ நைட்ரஜன் அதிக மாவுச்சத்தோடு பகிரப்பட்டு, புரதம் 8.6 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். மழை பொய்த்து 2 டன்னே விளைந்தால், 50 கிலோ நைட்ரஜன் சேர்ந்தாலே புரதம் 14 விழுக்காட்டைத் தாண்டிவிடும். விளைச்சலும் புரதமும் தராசின் இரண்டு தட்டுகளைப் போல ஒன்று ஏறினால் மற்றது இறங்குவது இதனால்தான்.

அப்படியானால் முதலிலேயே நிறைய உரத்தைக் கொட்டிவிட்டால் என்ன? அதிலும் ஓர் ஆபத்து உண்டு. உரம் கண்ட பயிர் தூர் தூராக வெடித்து, இலை தழைத்து, மண்ணில் உள்ள தண்ணீரையெல்லாம் பூப்பதற்கு முன்பே குடித்துத் தீர்த்துவிடும். பிறகு மழை வராவிட்டால், பார்ப்பதற்குச் செழிப்பாக இருந்த வயல் சில நாள்களில் வைக்கோலாகிவிடும். மணி சுருங்கிக் கிடக்கும்.

ஆகவே, அனுபவமுள்ள விவசாயிகள் உரத்தைப் பிரித்துப் போடுகிறார்கள். விதைக்கும்போது கொஞ்சம். தூர் கட்டி, தண்டு நீளத் தொடங்கும்போது மண் ஈரத்தையும் வானிலை அறிக்கையையும் பார்த்து அடுத்த பங்கு. இந்தப் பருவம் வரை போடுவது பெரும்பாலும் விளைச்சலைக் கூட்டும். கண்ணாடி இலை விரிந்த பிறகு போடுவது விளைச்சலை அதிகம் கூட்டாது. அது புரதத்துக்குப் போகிறது. ஆனால், அப்போது போடும் யூரியாவை வேருக்குக் கொண்டுசெல்ல மழை வேண்டும். மழை இல்லையென்றால் போட்ட பணம் மண்ணின் மேலேயே கிடக்கும்.

மழை தாராளமாகக் கிடைக்கும் இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே ரொட்டிக்குரிய கோதுமைக்குப் பொதுவாக 13 விழுக்காடு புரதம் கேட்கிறார்கள். விளைச்சல் மிக அதிகம் என்பதால் புரதம் நீர்த்துப்போகிறது. அதை ஈடுகட்ட, கால்நடைத் தீவனக் கோதுமைக்குப் போடுவதைவிட அதிக நைட்ரஜனைப் பிந்திய பருவத்தில் போட வேண்டியிருக்கிறது. கூடுதலாகப் போடும் அந்த உரம் முழுவதும் மணியில் சேர்வதில்லை. மிஞ்சுவது நிலத்தடி நீரில் கலக்கிறது. ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக மேலே போகிறது. புவியைச் சூடாக்குவதில் அந்த வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கும் மேல் வலுவானது.

மண்ணும் மாற்றுப் பயிரும்

நைட்ரஜன் யூரியா மூட்டையிலிருந்து மட்டும் வருவதில்லை. லூப்பின், கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு போன்ற பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலங்களில் ஓர் ஆண்டு லூப்பின், அடுத்த ஆண்டு கோதுமை என்று மாற்றிப் பயிரிடும் வழக்கம் உண்டு. பயறு விட்டுச்செல்லும் நைட்ரஜன் மெல்ல மெல்ல மண்ணில் கரைவதால், பிந்திய பருவத்திலும் பயிருக்குக் கிடைக்கிறது. கோதுமையின் வேரைத் தாக்கும் நோய்களும் இடையில் ஓர் ஆண்டு இரை இல்லாமல் குறைகின்றன. வேர் நலமாக இருந்தால்தான் இருக்கும் உரத்தையும் எடுக்க முடியும்.

மண்ணின் சத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒரு வயல் சாட்சியாக நிற்கிறது. 1843ஆம் ஆண்டு தொடங்கிய பிராட்பால்க் கோதுமைச் சோதனை இன்றும் தொடர்கிறது. எந்த உரமும் இடாமல் ஆண்டுதோறும் கோதுமையே விதைக்கும் பாத்தியில் ஹெக்டருக்கு ஏறத்தாழ 1 டன்தான் விளைகிறது. உரமும் மாற்றுப் பயிரும் சேரும் பாத்திகளில் நல்ல ஆண்டுகளில் 9 டன்னைத் தாண்டுகிறது.

கந்தகச் சத்தையும் மறந்துவிடக் கூடாது. குளூட்டன் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் கொக்கிகள் கந்தகத்தால் ஆனவை. முன்பெல்லாம் ஐரோப்பாவில் தொழிற்சாலைப் புகையிலிருந்து கந்தகம் மழையோடு வயலில் விழுந்தது. 1980களுக்குப் பிறகு காற்று சுத்தமாக, வயலில் கந்தகம் குறையத் தொடங்கியது. விவசாயிகள் அதையும் உரமாகப் போட வேண்டிய நிலை வந்தது. நைட்ரஜன் மட்டும் போட்டுக் கந்தகத்தை விட்டுவிட்டால், புரத எண் சரியாக இருந்தாலும் மாவு விறைத்துக்கொண்டு நீள மறுக்கும்.

லாரி வந்து நிற்கும் இடத்தில்

அறுவடையான கோதுமை லாரியில் ஏறிக் கொள்முதல் நிலையத்துக்கு வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான நிலையங்களை நடத்துவது சிபிஎச் என்ற கூட்டுறவு அமைப்பு. 1933ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அதற்கு விவசாயிகளே உரிமையாளர்கள். லாரியிலிருந்து மாதிரி எடுத்து, ஒளிக்கதிர்க் கருவியில் வைத்தால் சிறிது நேரத்தில் புரத அளவு தெரிந்துவிடும்.

ஆஸ்திரேலியத் தரப் பட்டியலில் பிரைம் ஹார்ட் வகைக்குக் குறைந்தது 13 விழுக்காடு புரதம் வேண்டும். ஹார்ட் வகைக்கு 11.5. பிரீமியம் ஒயிட் வகைக்கு 10.5. ஒரு லாரி 11.4 என்று காட்டினால், ஆண்டு முழுதும் பாடுபட்டவர் அடுத்த தரத்தின் விலைக்கு இறங்க வேண்டியதுதான். வெயிலில் சுருங்கிய மணியும் மாட்டிக்கொள்ளும். 2 மில்லிமீட்டர் சல்லடைத் துளை வழியே விழும் சன்னமான மணிகள் 5 விழுக்காட்டைத் தாண்டினால், புரதம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்தத் தரம் கிடைக்காது.

அறுவடைக்குச் சற்று முன் மழை பெய்தால் இன்னொரு தொல்லை. கதிரிலேயே மணி முளைக்கத் தொடங்கி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி பெருகிவிடும். அந்த மாவில் சுட்ட ரொட்டி உள்ளே பிசுபிசுக்கும். கதிர் முற்றிய பிறகு அறுவடையைத் தள்ளிப்போடாமல் இருப்பதே இதற்கு மருந்து.

வெயில் முந்திக்கொண்டால்

மணி முற்றும் காலத்தில் கோதுமை விரும்புவது 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையிலான இதமான வெப்பம். அதைத் தாண்டி ஒவ்வொரு பாகை உயரும்போதும், மணி நிறையும் காலம் ஏறத்தாழ மூன்று நாள் குறுகுகிறது. புவியின் வெப்பம் ஒரு பாகை கூடினால் உலகக் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்று 2015ஆம் ஆண்டு பன்னாட்டு ஆய்வாளர்கள் கணித்தனர்.

இதன் விளைவை 2022ஆம் ஆண்டு இந்தியா கண்டது. பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் நவம்பரில் விதைக்கும் கோதுமைக்கு மார்ச் மாதம்தான் மணி முற்றும் காலம். அந்த ஆண்டின் மார்ச், 1901ஆம் ஆண்டிலிருந்து உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச். மணிகள் சுருங்கின. 11 கோடியே 13 லட்சம் டன் என்றிருந்த விளைச்சல் மதிப்பீட்டை, இந்திய அரசு மே மாதத்தில் 10 கோடியே 64 லட்சம் டன்னாகக் குறைத்தது. மே 13ஆம் தேதி கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உக்ரேன் போரால் ஏற்கெனவே உயர்ந்திருந்த உலக விலை மேலும் துள்ளியது.

அங்குள்ள விவசாயிகளுக்கும் விதைக்கும் நாள்தான் பெரிய ஆயுதம். நெல் அறுத்த நிலத்தை உழுது பண்படுத்திக்கொண்டிருந்தால் நாள்கள் ஓடிவிடும். நவம்பர் நடுப்பகுதியைத் தாண்டித் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் விளைச்சலில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டைத் தின்றுவிடுகிறது. நெல் தாளைக் கொளுத்தாமல், உழாமல், அதன் ஊடாகவே விதைக்கும் ஹேப்பி சீடர் என்ற கருவி அந்த நாள்களை மீட்டுத் தருகிறது. டில்லியை மூடும் புகையும் குறைகிறது.

காற்றில் பெருகும் கரியமில வாயுவும் சும்மா இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ஹோர்ஷம் உட்படப் பல இடங்களில், திறந்த வயலில் கரியமில வாயுவைக் கூட்டிச் சோதித்தனர். 2014ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவுகளின்படி, இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிர்பார்க்கப்படும் அளவில் கோதுமையின் புரதம் ஏறத்தாழ 6 விழுக்காடும், துத்தநாகம் ஏறத்தாழ 9 விழுக்காடும், இரும்புச் சத்து ஏறத்தாழ 5 விழுக்காடும் குறைந்தன. அதாவது 12 விழுக்காடு புரதம் ஏறத்தாழ 11.2 ஆகும். கோதுமையையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழை நாடுகளில் இந்தச் சிறு இழப்பும் பெரிதாகத் தைக்கும்.

வீட்டுக்கு எடுத்துச்செல்ல ஒரு செய்தி

மாவுப் பொட்டலத்தில் உள்ள எண் சமையலுக்கு வழிகாட்டி. கேக்குக்குத் தாழ்ந்த எண், ரொட்டிக்கு உயர்ந்த எண் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால், அதை ஊட்டச்சத்துப் போட்டியாக எண்ணி, எண் உயர்ந்த மாவையே தேட வேண்டியதில்லை. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. சப்பாத்தியோடு பருப்புக் கறி பரிமாறும் பழக்கம், 2 விழுக்காடு புரதம் கூடிய மாவைவிட உடலுக்கு அதிக நன்மை செய்கிறது.

விவசாயிக்கோ அந்த எண் வாழ்வாதாரம். மழை வருமா என்று தெரியாமல் உரம் போட்டு, உறைபனிக்கும் வெயிலுக்கும் இடையே பூக்கும் நாளைக் குறித்து, பிறகு நாற்பது நாள்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கிடைக்கும் தீர்ப்பு அது. நல்ல தீர்ப்பு என்பது ஒற்றை எண்ணில் இல்லை. மணி கனத்து, புரதமும் போதுமான அளவு சேர்ந்து, மண்ணும் தண்ணீரும் கெடாமல் அடுத்த விதைப்புக்குக் காத்திருந்தால், அதுவே நல்ல விளைச்சல்.